மேனேஜரின் மாத்திரைகள்

ஜூன் 6

டாக்டருக்கு,

நாய் வந்து சேர்ந்தது. உங்கள் கால்நடை ஆஸ்பத்திரி வேன் ஓட்டுநர் அதைச் சாக்கோடு தூக்கிக்கொண்டு வந்து, என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, ஒரு காகித உறையைக் கையில் திணித்தார். "டாக்டர் சார் எல்லாம் எழுதி வச்சிருக்காரும்மா" என்றார். உறையைப் பிரித்தால் மாத்திரை மட்டும் இருக்கிறது. எழுதிய சீட்டை உன் மேஜையிலேயே விட்டிருப்பாய். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

நாயை அனுப்பு என்று நான் கேட்கவில்லை. அது என் வீட்டுக்காரருடைய நாய். எனக்கும் அதற்கும் என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. மேனேஜர் என்று பெயர் வைத்ததே அவர்தான். அச்சகத்தில் நாளெல்லாம் மேனேஜரிடம் பாட்டு வாங்கிவிட்டு வந்து, "மேனேஜர், உக்காரு! மேனேஜர், வாயை மூடு!" என்று அதட்டுவதில் அவருக்கு அப்படி ஓர் ஆனந்தம். இப்போது அந்தப் பெயரைச் சொல்லி நான் கூப்பிட வேண்டியிருக்கிறது. நாக்கு எழவில்லை.

பழையதைக் கிளற எழுதவில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாய்க்குக் காதில் சீழ் என்று உன்னிடம் காட்டத்தான் அவர் ஸ்கூட்டரில் உன் ஊருக்கு வந்தார். உன் ஆஸ்பத்திரி வாசலிலேயே லாரி இடித்தது. நாய் உன் மேஜைக்குப் போனது. அவர் முன்பின் தெரியாத ஓர் ஆட்டோக்காரரோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். சேதி கேட்டு நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. எனக்குப் பிறகுதான் நீ வந்தாய். உன் சட்டையெல்லாம் நாய் முடி.

மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்று மட்டும் எழுது. வாயில்லா ஜீவனைப் பட்டினி போட எனக்கு மனசு வராது. நீ வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.

இப்படிக்கு,
அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்கா,

டாக்டருக்கு என்று நீ ஆரம்பித்திருந்ததைப் பார்த்ததும் யாரோ பசு மாட்டுக்குச் சினை ஊசி கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. திட்டுவதற்காகவாவது எழுதினாயே. அதுவே பெரிது.

சீட்டு என் மேஜையில்தான் இருந்தது. நீ சொன்னது சரி.

நாயை உனக்கு அனுப்பியதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே என் அறையில்தான் வைத்திருந்தேன். ஊசி போட்டவன் என்பதால் என் கையால் எது வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அத்தானின் நாயை வேறு யாரிடமும் கொடுக்க எனக்குத் துணிவு இல்லை. உன் குரல் அதற்குத் தெரியும்.

அதற்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். மேஜையில் போட்டபோது ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பாதங்கள் சில்லிட்டிருந்தன. தொடையில் நாடி நூலாக ஓடியது. இதை அதிர்ச்சி நிலை என்போம். பயந்துபோவது இல்லை இது. அடிபட்ட உடம்பில் ரத்த ஓட்டம் படுத்துவிடும். கை காலைக் கைவிட்டாவது இதயத்தையும் மூளையையும் காப்பாற்றிக்கொள்ள உடம்பு பார்க்கும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். சில நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு நன்றாகத்தான் நிற்கும். கொஞ்ச நேரத்தில் சரிந்துவிடும். பார்க்கத் தெரிந்தவன் முதலில் உதட்டைத் தூக்கி ஈறைத்தான் பார்ப்பான்.

நரம்பில் உப்பு நீர் ஏற்றினேன். நாடி திரும்பிய பிறகு ஸ்டீராய்டு ஊசி போட்டேன். அதிர்ச்சிக்கு அந்த ஊசி உதவுமா என்பதில் எங்களுக்குள்ளேயே அடிதடி. எங்கள் பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்வார். இப்போது வருகிற கட்டுரைகள் உப்பு நீர்தான் காப்பாற்றுகிறது, ஊசி டாக்டரின் மனத் திருப்திக்கு என்கின்றன. நான் போட்டது முக்கியமாக வீக்கத்துக்கு. முதுகெலும்புக்குள் தண்டுவடம் வீங்கியிருந்தது. எலும்புக் குழாய்க்குள் அது வீங்க இடம் ஏது? வீக்கம் வடிந்தால்தான் பின்னங்கால்கள் திரும்பும். உன்னிடம் இருப்பது அதே மருந்து, மாத்திரையாக.

வெறும் வயிற்றில் கொடுக்காதே. சாப்பாட்டில் பொதிந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று கொடு. பாவம் பார்த்து உன் தலைவலி மாத்திரையை அதற்குக் கொடுத்துவிடாதே. இரண்டும் சேர்ந்தால் குடல் புண்ணாகி ஓட்டையே விழும். அகோரப் பசி எடுக்கும். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும். குடித்ததையெல்லாம் வீட்டுக்குள்ளேயே விடும். பொறுத்துக்கொள். அளவை எப்போது, எப்படிக் குறைப்பது என்று பிறகு எழுதுகிறேன்.

அந்த நாளைப் பற்றி நேரில் பேச வேண்டும். வரட்டுமா?

உன் தம்பி

ஜூன் 16

டாக்டருக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நன்றாகப் புரியும்படி எழுதியிருக்கிறாய். ஈறு வெளுக்கும், பாதம் சில்லிடும், நாடி நூலாக ஓடும். வெளியே ஒரு கீறலும் இருக்காது. நன்றாக நிற்பதுபோல் இருந்து சரிந்துவிடும்.

அவருக்கு வெளியே ஒரு கீறலும் இல்லை. உள்ளே ரத்தம் போனது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

உன் வாசலில்தான் நின்றார். பேசிக்கொண்டுதான் இருந்தார் என்று நீயே எல்லோரிடமும் சொன்னாய். அவர் கையைத் தொட்டுப் பார்த்தாயா? உதட்டைப் பார்த்தாயா?

கேள்வி இது ஒன்றுதான். நேரில் வந்து சொல்ல வேண்டாம். எழுது.

அக்கா

ஜூன் 22

அக்கா,

பார்க்கவில்லை.

ஆட்டோவில் அவராகவே ஏறி உட்கார்ந்தார். "எனக்கென்னடா, சட்டைதான் கிழிஞ்சிருக்கு. சும்மா காட்டிட்டு வந்துடறேன். நீ மேனேஜரைப் பாரு, எந்திரிக்கவே மாட்டேங்கறான்" என்றார். அப்போது நான் தரையில் உட்கார்ந்து நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சரி அத்தான் என்றேன்.



தம்பி

ஜூலை 20

டாக்டர் தம்பிக்கு,

பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் அந்தக் கடிதத்தைக் கிழித்தும் போட்டேன். நீ ஏதாவது சாக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆசை தீரத் திட்டியிருப்பேன். அதற்கும் வழி இல்லாமல் செய்துவிட்டாய்.

நாய் சேதியைச் சொல்கிறேன். போன வாரம் எழுந்து நின்றது. நான் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் தொம்மென்று ஒரு சத்தம். திரும்பினால் துரை நான்கு காலில் நிற்கிறார். பின்னங்கால் இரண்டும் குடித்தவன் கால் மாதிரி ஆளுக்கொரு பக்கம் போகிறது. நாலடி நடந்து, விழுந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி எழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாடி வீட்டு அம்மா கீழே வந்து, "என்னம்மா, யாருக்கு என்ன?" என்று பதறிப்போனார்.

இப்போது வாசல்வரை போகிறது. அச்சகம் விடுகிற நேரத்துக்குச் சரியாகப் போய்ப் படுத்துக்கொள்கிறது. தெருவில் எந்த ஸ்கூட்டர் போனாலும் காது நிமிர்கிறது. உள்ளே வா என்றால் வராது. இருட்டும்வரை நானும் வாசலிலேயே ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கிறேன். பேச்சுத் துணை என்றும் சொல்ல முடியாது, இருந்தாலும் ஓர் ஆள் கணக்குத்தான்.

பசிதான் சகிக்கவில்லை. என் பங்கையும் சேர்த்துத் தின்றது. சோப்பைத் தின்றது. ஒரு மேலங்கியின் பொத்தான் நான்கையும் பிய்த்துத் தின்றது. தைக்கக் கொடுத்த அம்மாளுக்கு என்ன பதில் சொல்வது? நாய் தின்றுவிட்டது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? ஈரம் அதைவிட மோசம். பள்ளிக்கூடச் சீருடைத் துணி ஒரு கட்டு முழுவதும் நனைத்துவிட்டது. அலசி அலசிக் கை வெந்துபோனது.

அளவைக் குறைப்பது பற்றி எழுதுகிறேன் என்றாய். ஒரு வரி எழுதவில்லை. நானும் வீம்புக்குக் கேட்கவில்லை. இப்போதுதான் நன்றாக நடக்கிறதே, இனி எதற்கு என்று போன ஞாயிற்றுக்கிழமையோடு மாத்திரையை நிறுத்திவிட்டேன். அதற்கப்புறம் வீடு காய்ந்திருக்கிறது. பசியும் அடங்கிவிட்டது. நேற்றிலிருந்து சாப்பாட்டை மோந்துவிட்டு வைத்துவிடுகிறது. தின்று தீர்த்ததற்கெல்லாம் சேர்த்து விரதம் இருக்கட்டும்.

உனக்கு நான் நன்றி சொல்லவில்லை. கால் வந்துவிட்டது என்று தெரிவித்தேன், அவ்வளவுதான்.

அக்கா

ஜூலை 23

அக்கா,

இதற்கு முன்பே தந்தி கிடைத்திருக்கும். மாத்திரை உடனே கொடு என்று மட்டும்தான் அதில் சொல்ல முடிந்தது. மிச்சத்தை இதில் எழுதுகிறேன். அவசரம், எழுத்து சரியாக இல்லாவிட்டால் மன்னித்துக்கொள்.

அந்த மருந்தை ஒரேயடியாக நிறுத்தவே கூடாது. அந்த மாத்திரையில் இருப்பதை உடம்பு தானாகவே கொஞ்சம் சுரந்துகொண்டிருக்கும். வெளியிலிருந்து வரும்போது, அதுதான் வருகிறதே என்று சுரப்பதை விட்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. முழு மாத்திரையை அரையாக்கி, அரையைக் காலாக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆக்கி, உடம்பு மறந்துபோனதை மறுபடி கற்றுக்கொள்ள அவகாசம் கொடுத்து நிறுத்த வேண்டும். சாப்பாட்டை மோந்துவிட்டு வைத்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறாயே, அது விரதம் இல்லை அக்கா.

இப்போதே ஒரு மாத்திரையைக் கொடு. வாந்தி எடுத்தாலோ, துவண்டு படுத்தாலோ மாத்திரை போதாது. உங்கள் ஊர்க் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. உப்பு நீரும் ஸ்டீராய்டு ஊசியும் என்று சொல். அவர்களுக்குப் புரியும். தவறு உன்னுடையது இல்லை. குறைப்பதைப் பற்றி நான் எழுதியிருக்க வேண்டும். நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிய பிறகு, அடுத்த கடிதத்தில் மாத்திரைக் கணக்கு எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. நாளை எழுதலாம், நாளை எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன்.

இங்கே பண்ணைகளில் நோய் பரவுகிறது. வாரக் கடைசிவரை ஊரைவிட்டு நகரக் கூடாது என்று உத்தரவு. அதன் பிறகு நீ வரக் கூடாது என்று சொன்னாலும் வருவேன்.

தம்பி

ஜூலை 30

தம்பி,

மேனேஜர் போய்விட்டான்.

உன் தந்தி வந்தது மதியம். அன்று காலையிலிருந்தே அவன் மிஷினுக்குக் கீழே படுத்திருந்தான். நான் துணி எடுக்கவும் இஸ்திரிப்பெட்டி வைக்கவும் அவனைத் தாண்டித் தாண்டி நடந்தேன். தூங்குகிறான், தொல்லை இல்லை என்று நினைத்தேன். ஒருமுறை, "என்ன சார், இன்னிக்கு ஆபீஸ் லீவா?" என்று கேட்டேன். கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தான். வாலைக்கூட லேசாகத் தட்டினான்.

தபால்காரர் தந்தியைக் கொடுத்த பிறகுதான் குனிந்து அவன் பாதத்தைத் தொட்டேன். ஐஸாக இருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெள்ளைத் துணிபோல் இருந்தது.

நீ எழுதிய அடையாளம் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். உன்னைக் குத்துவதற்காகவே மனப்பாடம் செய்தவை. அவற்றை வைத்துக்கொண்டு காலை முழுவதும் அவனைத் தாண்டி நடந்திருக்கிறேன்.

துணி வெட்டும் பலகையில் படுக்கவைத்து மாடி வீட்டு அம்மாவும் நானும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு போனோம். அந்த அம்மாளுக்கு நாய் என்றாலே ஆகாது. ஆனாலும் கூடவே ஓடி வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை, எங்கோ முகாமுக்குப் போயிருந்தார். கம்பவுண்டர் உப்பு நீர் ஏற்றப் பார்த்தார். நரம்பு அகப்படவில்லை. முன்னங்கால் இரண்டிலும் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, ஊசி மருந்தைத் தொடையிலேயே போட்டார். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்மா" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவன் தலை என் மடியில் இருந்தது. வெளியே ஏதோ ஒரு ஸ்கூட்டர் போனது. அப்போதும் காதை நிமிர்த்தப் பார்த்தான். பாதிதான் நிமிர்ந்தது.

அவர் போனபோது நான் பக்கத்தில் இல்லை. இவனுக்காவது இருந்தேன் என்று என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். தேறவில்லை. கொன்றவளே மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றுதான் தோன்றுகிறது. சாப்பிட உட்கார்ந்தால் அவன் மோந்துவிட்டு வைத்த தட்டு கண்ணில் நிற்கிறது. மிஷினை மிதித்து நாளாயிற்று.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. ஆனால் உன்னைக் கேட்ட கேள்வியை இனி யாரிடமும் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று நாய்க்கு எழுதினாயே. அவர் இறந்த வாரம் வீடு கொள்ளாமல் ஆட்கள். சமைக்க ஒருத்தி, கதவு திறக்க ஒருத்தி, என் தலையைக் கோதிவிட ஒருத்தி. அடுத்த வாரம் ஓர் ஈ காக்கை இல்லை. எனக்கு யாரும் அரையாக்கிக் காலாக்கி நிறுத்தவில்லை. நான் வராதே என்று சொன்னால் நீ வராமலே இருந்துவிடுவாயா? சின்ன வயதில் நான் சொன்ன எந்தப் பேச்சை நீ கேட்டிருக்கிறாய்? இதை மட்டும் எதற்குக் கேட்டாய்?

அக்கா

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்தேன். ஒரு மருத்துவனாக உனக்குச் சில விஷயங்களைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது.

மேனேஜரின் மரணத்துக்கு மாத்திரையை நிறுத்தியது காரணம் அல்ல. விபத்தின்போதே அவனுடைய மண்ணீரலில் ஒரு சிறு கிழிசல் ஏற்பட்டிருக்க வேண்டும். அப்போது தானாக அடைபட்ட அந்த இடம், அவன் நடக்கத் தொடங்கியதும் மறுபடி திறந்திருக்கிறது. ஈறு வெளுத்தது அதனால்தான். மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்திருந்தாலும் இது நடந்திருக்கும். காலையிலேயே கண்டுபிடித்துத் தூக்கிப் போயிருந்தாலும் பலன் இருந்திருக்காது. இதே போன்ற நிகழ்வுகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவசரத்தில் எழுதிய முந்தைய கடிதத்தில் உன்னைத் தேவையில்லாமல் பயமுறுத்திவிட்டேன். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

உன்னிடம் வந்ததால்தான் அவன் நடந்தான். என் கையில் இருந்திருந்தால் எழுந்தே இருக்கமாட்டான். தயவுசெய்து வேளைக்குச் சாப்பிடு.

இங்கே கெடுபிடி இன்னும் தளரவில்லை. விடுப்பு கிடைத்ததும் புறப்படுகிறேன்.

உன் தம்பி

ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ அடித்து அடித்து எழுதுகிறவன். ஒரு பக்கத்தில் பத்து இடம் கறுப்பாக இருக்கும். இந்தக் கடிதத்தில் ஓர் அடித்தல்கூட இல்லை. மண்ணீரலாம், கிழிசலாம், பலமுறை கண்டிருக்கிறாயாம். எத்தனை முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை நகல் எடுத்தாயோ. பொய் சொல்ல உனக்கு என்றைக்குமே வந்ததில்லை. அப்பாவிடம் நீ வாங்கிய அடியில் பாதி அதற்காகத்தான்.

ஆனாலும் நான் நம்புகிறேன் என்று வைத்துக்கொள். மண்ணீரல்தான். மாடி வீட்டு அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கொஞ்சம் நிஜம் போல இருந்தது. நேற்று ஒரு வாய் சாப்பாடு இறங்கியது. மிஷினுக்கு எண்ணெய் போட்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். இத்தனை நாள் உன்னிடம் சொல்லவில்லை. அன்று பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். உள்ளே ஈரல் இரண்டாகக் கிழிந்திருந்ததாம். "அவர் அடிபட்ட இடத்துலேயே நாங்க நின்னிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதும்மா. யாரு பார்த்திருந்தாலும், யாரு பார்க்கலைன்னாலும் ஒண்ணுதான்" என்றார்.

அந்த டாக்டரம்மா எப்படி இருந்தார், எந்த அறையில் கூப்பிட்டுச் சொன்னார், ஏன் இவ்வளவு நாள் மறைத்தேன் என்றெல்லாம் கேட்காதே. அங்கே போய் விசாரிக்கவும் வேண்டாம். இந்தக் கடிதத்திலும் அடித்தல் இல்லை, பார்த்துக்கொள்.

உன்னுடையதை நான் நம்பிவிட்டேன். என்னுடையதை நீயும் நம்பு. நம்ப முடியாவிட்டாலும் வா.

அக்கா